பதினான்காவது கேள்வி

ரிக்கார்டு ரூமுக்கு அனந்தகிருஷ்ணனைத் தேடி யாரும் வருவதில்லை. கோப்பைத் தேடி வருவார்கள், கிடைத்ததும் போய்விடுவார்கள். பம்பாயில் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் ஓர் ஆஸ்பத்திரியில், மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்த அறையில், அவர் பன்னிரண்டு வருஷம் அப்படி உட்கார்ந்திருந்தார். நோயாளிகளின் பெயரும் நம்பரும் அவருக்கு மனப்பாடம். முகம் ஒன்றுகூடத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் விரும்பவும் இல்லை. வார்டு வழியாகப் போனால் இரண்டு நிமிஷம் என்றால், அவர் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் போவார்.

கெட்ட மனுஷர் இல்லை. மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்து, பி.ஏ. படித்து, அப்பாவைப் போலவே குமாஸ்தாவானவர். தமிழும் இங்கிலீஷும் பிசகில்லாமல் எழுதுவார். அதனால்தான் 1962-இல், நோயாளிகளுக்காக ஆஸ்பத்திரி பல பாஷைகளில் ஒரு நோட்டீஸ் அச்சிட்டபோது, தமிழ் நோட்டீஸை எழுதும் வேலை அவரிடம் வந்தது. "இந்த நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்வதில்லை. நோயாளியோடு ஒரே தட்டில் உண்ணலாம், ஒரே பாயில் உறங்கலாம்" என்று எழுதினார். தட்டும் பாயும் இங்கிலீஷ் மூலத்தில் கிடையாது. நம் ஜனங்களுக்குப் புரியவேண்டுமே என்று அவரே சேர்த்தது. அச்சாகி வந்த தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி கோமதியிடம் காட்டினார். அவள் படித்துவிட்டு, "நன்னா எழுதியிருக்கேள்" என்றாள். பிறகு வழக்கம்போல, "சட்டையை அந்த ஆணியிலே மாட்டிட்டு ஸ்நானம் பண்ணிட்டு வாங்கோ" என்றாள்.

அந்த ஆணி வாசல் கதவுக்குப் பின்னால் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டைக்கு மட்டும் அது. குளிக்காமல் அவர் சமையலறைப் பக்கம் போனதில்லை. வீட்டில் அதற்கு மடி என்று பெயர். வாசலை ஒட்டிய ஜன்னல் விளிம்பில் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருக்கும். தபால்காரர், வெளுக்கிறவன், கரி கொண்டுவருகிறவன் என்று வெளியார் யார் தண்ணீர் கேட்டாலும் அதில்தான். அது உள்ளே வராது. வாசலைத் தாண்டிவிட்டால் அனந்தகிருஷ்ணனுக்கு இந்த ஆசாரமெல்லாம் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் ஈரானி கடையில் தினம் இரண்டு டீ குடிப்பார். வீட்டு மடியில் எவ்வளவு ஆசாரம், எவ்வளவு பயம் என்று அவர் பிரித்துப் பார்த்ததில்லை.

1965 ஆரம்பத்தில் ஒருநாள் சமூக சேவைப் பிரிவிலிருந்து குசும் பிரதான் என்ற மராட்டியப் பெண்மணி ரிக்கார்டு ரூமுக்கு வந்தார். அந்த அம்மாள் கேட்டது கோப்பை அல்ல, அனந்தகிருஷ்ணனைத்தான். ஆபரேஷன் முடிந்து, புண் ஆறி, வீட்டுக்கு அனுப்பியதோடு டாக்டர்களின் கோப்பு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் அந்த மனுஷர் என்ன ஆகிறார்? சாப்பிட முடிகிறதா, வேலைக்குப் போகிறாரா, வீட்டார் எப்படி வைத்துக்கொள்கிறார்கள்? இதை அறிய நாற்பது நோயாளிகளின் வீட்டுக்குப் போகவேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடியும் போகவேண்டும். தாராவியிலும் செம்பூரிலும் ஏழு பேர் தமிழர்கள். அவர்களைப் பார்க்க ஒரு தமிழர் வேண்டும்.

இருபத்திரண்டு கேள்விகள் அச்சடித்த ஒரு படிவத்தை அந்த அம்மாள் கொடுத்தார். கேள்வியை மட்டும் நம்பாதீர்கள் என்றார். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன மாதிரியே எழுதுங்கள், உங்கள் இங்கிலீஷில் துடைத்துப் பளபளப்பாக்க வேண்டாம். நோயாளி எங்கே உட்கார்ந்திருக்கிறார், யார் பக்கத்தில் வருகிறார்கள், யார் வருவதில்லை என்று பாருங்கள். எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் அவர்களைப் பார்க்கும் நேரத்தில் அவர்களும் உங்களைப் பார்க்கிறார்கள். அனந்தகிருஷ்ணன் இதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, கடைசி வாக்கியத்துக்குக் கீழே கோடும் போட்டுக்கொண்டார்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் பாலத்தைத் தாண்டி தாராவிக்குப் போனார். நாற்பது வயது வரை பாலத்துக்கு இந்தப் பக்கமே இருந்தவர். சந்து முனையில் தையல் கடை வைத்திருந்த கணேசபாண்டியன் வழிகாட்டினார். அந்தச் சந்துக்கே கடிதம் படித்துச் சொல்கிறவர், மனு எழுதிக் கொடுக்கிறவர் அவர்தான். முதலில் நாகூர் மீரானின் டீக்கடைக்கு அழைத்துப்போனார். அனந்தகிருஷ்ணன் நின்றபடியே டீயைக் குடித்து, நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். குழாயடியில் நின்ற பெண்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

பேராச்சியின் கோலி, ஒற்றை அறை வீடு, சந்தின் கடைசியில் இருந்தது. நாங்குநேரிப் பக்கத்து மனுஷி, வயது நாற்பத்தெட்டு. புருஷன் தோல் பதனிடும் கொட்டடியில் வேலை பார்த்துச் செத்துப்போனவர். மகன் வெயிலுமுத்துவும் அங்கேதான் வேலை. மருமகள் முருகம்மாள், பிறந்து ஆறு மாதமான ஒரு பேத்தி. பேராச்சி முறுக்கு சுட்டு விற்பவள். மில் ஷிப்டு விடும் நேரத்துக்கு அவளுடைய தகர டின் சந்து முனைக்கு வந்துவிடும். பதினைந்து வயதிலிருந்து இடது கன்னத்தில் புகையிலை அடக்கிவைத்த பழக்கம். போன வருஷம் அங்கே கட்டி வந்தது. தாடையில் ஒரு பகுதியையும் கன்னத்தையும் எடுத்துவிட்டு, தோளிலிருந்து தோலைக் கொண்டுவந்து தைத்திருந்தார்கள். வாய் ஓரத்தில் காலணா அகலத்துக்கு ஒரு துவாரம் மூடாமல் இருந்தது. அதன் வழியாக எச்சில் வடியும். இடது கையில் ஒரு துணி வைத்து ஓயாமல் துடைத்துக்கொண்டே இருந்தாள். உதடு கூடாததால் சில எழுத்துகள் காற்றாகப் போயின. ஆனாலும் பேச்சை அவள் குறைத்துக்கொள்ளவில்லை.

"எமன் வந்து பாதி மூஞ்சிய எடுத்துக்கிட்டு, மீதிக்குப் பெறவு வாரேன்னு போயிட்டான் அய்யரே. ஏவாரம் தெரியாத பய" என்றாள்.

வாய் இறுகிப்போகாமல் இருக்க ஆஸ்பத்திரியில் மெல்லிய மரக்குச்சிகள் கொடுத்திருந்தார்கள். அவற்றை அடுக்கிப் பல்லுக்கிடையில் வைத்து வாயைத் திறந்து பழகவேண்டும். வாரத்துக்கு ஒரு குச்சி கூட்டவேண்டும். ஒன்பது வரை வந்திருந்தாள். பத்து போய்விட்டால் தான் சுட்ட முறுக்கைத் தானே கடித்துவிடுவதாகச் சொன்னாள். குச்சிகளை வாயில் வைத்துத் திறந்தும் காட்டினாள். அனந்தகிருஷ்ணன் படிவத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

பதினான்காவது கேள்வி: வீட்டில் நோயாளிக்குப் பாத்திரங்கள் தனியாக வைக்கப்படுகின்றனவா? அவர் தமிழில் கேட்டதும் பேராச்சி சிரித்தாள். "எங்கூட்டுல மூணு பேருக்கு ரெண்டு தட்டு. இதுல தனியா வைக்க எங்க போக?"

கதவோரம் குழந்தையோடு நின்ற முருகம்மாளும் சிரித்தாள். அவருடைய பேனா, பாத்திரங்கள் தனியாக இல்லை, குடும்பத்தார் ஒத்துழைப்பு நன்று என்று அழகான இங்கிலீஷில் எழுதியது. மூன்று பேரும் இரண்டு தட்டும் தாளில் ஏறவில்லை.

எல்லாம் முடிந்ததும் பேராச்சி எழுந்து, வாயைத் துடைத்த துணியை இடுப்பில் செருகிக்கொண்டு, பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு நீட்டினாள். தாடையில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. அனந்தகிருஷ்ணன் அந்தத் துளியைப் பார்த்தார். கைகள் படிவத்தை விடவில்லை.

"நான் வெளியிலே ஒண்ணும் குடிக்கிறதில்லே" என்றார். "எங்காத்து ஆசாரம் அப்படி."

முருகம்மாளுக்குப் பின்னால் சந்துப் பெண்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். பேராச்சி நீட்டிய கையைச் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு, "ஆமா, அய்யருமாருக்கு ஆசாரம் உண்டும்லா" என்று சொல்லி, தலையை வலப்பக்கம் சாய்த்து அந்தத் தண்ணீரைத் தானே குடித்தாள். எண்ணெயில் வெந்ததற்கு ஆசாரத்தில் தோஷம் ஒன்றும் இல்லையே என்று, எட்டு முறுக்கைத் தாளில் பொதிந்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். ரயில் பாலத்தின் நடுவில் அந்தப் பொட்டலத்தைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு அவர் திரும்பிப் பார்க்காமல் இறங்கினார். வீட்டுக்கு வந்து இரண்டு தரம் குளித்தார். மறுநாள் படிவத்தின் அடியில், நேரில் கண்டவை என்ற இடத்தில், வீட்டுச் சூழ்நிலை திருப்திகரம் என்று எழுதிக் கொடுத்தார்.

ஆறு மாதம் கழித்து ஆகஸ்டில் போனபோது நல்ல மழை. கணேசபாண்டியன் தையல் மிஷினைவிட்டு எழுந்திருக்கவில்லை. டீ குடிக்கலாமா என்று கேட்கவும் இல்லை. இடம் தெரியுமே, போய்ப் பாருங்கள் என்றார்.

கோலிக்குள் பேராச்சி இல்லை. இரண்டு கோலிச் சுவர்களுக்கு நடுவே ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டி, அதன் கீழே பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஓர் அலுமினியத் தட்டும் ஒரு டம்ளரும். டம்ளரின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. முறுக்கு டின்னில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். குச்சிகளை அவள் விட்டு நாலு மாதம் ஆயிற்றாம். வாய் இறுகி, ஒரு விரல் நுழையும் அளவுக்கு வந்திருந்தது. அவரைப் பார்த்ததும் முந்தானையால் மூக்குக்குக் கீழே மூடிக்கொண்டாள்.

கேள்விகளுக்கு முருகம்மாள்தான் பதில் சொன்னாள். பதினான்காவதற்கு வந்தபோது, இப்போது தனிதான் என்றாள். கைப்பிள்ளை இருக்கிறதே என்றாள். அனந்தகிருஷ்ணனுக்குக் கோபம்கூட வந்தது. ஒட்டாது என்று ஆஸ்பத்திரியிலிருந்து தாள் கொடுத்திருக்கிறார்களே, யாரும் படித்துக் காட்டவில்லையா என்று கேட்டார்.

முருகம்மாள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். அவளுக்கு அவரைக் குத்திப் பேசவேண்டும் என்ற எண்ணமே இல்லை. நடந்ததைச் சொன்னாள்.

"படிச்சாவளே. தையக்கடை அண்ணாச்சி படிச்சாவ. நாங்களும் நம்பித்தான் ஒரே தட்டுல தின்னோம். பெறவு நீங்க வந்திய. மீரான் காக்கா கடையில டீ குடிச்சிய. எங்கூட்டுல பச்சத்தண்ணி குடிக்கலிய. ஆசாரம்னா காக்கா கடையில எப்படிக் குடிப்பாவன்னு குழாயடியில கேட்டாளுவ. ஆஸ்பத்திரி ஆளே குடிக்கலன்னா, அந்தத் தாளு சும்மா மனசத் தேத்த எழுதினதுதானன்னாளுவ. மறுநாளுல இருந்து முறுக்குக்கு ஒருத்தி வரல்ல. எங்க அவுக ஒரு மாசம் பாத்தாவ. பெறவு பிள்ளைக்காவ இப்படிச் செஞ்சிட்டாவ."

தார்ப்பாயின் அடியிலிருந்து பேராச்சி குரல் கொடுத்தாள். "சும்மா கெட முருகம்மா. கொதிச்ச டீ வேற, வீட்டுத் தண்ணி வேற. அய்யருமாரு சட்டம் ஒனக்கு என்ன தெரியும்?"

அனந்தகிருஷ்ணனின் பேனா தாளிலேயே நின்றது. அந்தக் குழாயடிப் பெண்கள் அவரை ஒரே பார்வையில் சரியாகப் படித்திருந்தார்கள். அவருடைய பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவள் பேராச்சி ஒருத்திதான். ஐந்து மாதமாகத் தார்ப்பாயின் கீழே உட்கார்ந்துகொண்டு காப்பாற்றியிருக்கிறாள்.

அவர் நனைந்த தரையில் இறங்கி, தார்ப்பாயின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அந்த டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று கேட்டார். வேண்டாம் அய்யரே, எனக்காக உங்க ஆசாரத்தைக் கெடுக்காதிய என்றாள் பேராச்சி. சந்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். கணேசபாண்டியனும் குடையோடு வந்து நின்றார். எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வதுதான் நியாயம் என்று அனந்தகிருஷ்ணனுக்குத் தோன்றியது.

"ஆசாரம் ஒண்ணும் இல்லேம்மா" என்றார். "அன்னிக்கு உங்க வாயைப் பாத்து நான் பயந்துட்டேன். ஒட்டாதுன்னு அந்தத் தாளிலே எழுதினவனே நான்தான். எழுதத் தெரிஞ்சுது, குடிக்கத் தெரியலே."

தார்ப்பாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பேராச்சி முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண் மட்டும் தெரிந்தது. ஆசாரம் என்ற அந்தச் சொல் அவருக்கு மட்டும் மறைவாக இருக்கவில்லை, அவளுக்கும் அதுதான் மறைவாக இருந்திருக்கிறது என்பதை அப்போதுதான் கண்டார். காரணம் அவளுடைய முகந்தான் என்று, சந்து முழுவதும் கேட்க, அவரே சொல்லி முடித்திருந்தார்.

"எனக்கு மட்டும் சொல்லியிருக்கலாம்லா" என்றாள் பேராச்சி.

அவர் தலை நிமிரவில்லை. சிவப்பு நூல் கட்டிய டம்ளர் அவர் முகத்துக்கு நேரே வந்தது. வாங்கிக் குடித்தார். அலுமினிய வாடையும் மழை வாடையும் அடித்தன. நாலு பேர் பார்த்துவிட்டு, மழைக்கு ஒதுங்கிப் போனார்கள்.

அன்று படிவத்தை அவர் தமிழிலேயே எழுதினார். முருகம்மாள் சொன்னது, பேராச்சி சொன்னது, தாம் சொன்னது, போன தடவை எழுதாமல் விட்ட மூன்று பேர், இரண்டு தட்டு, பாலத்தில் வைத்த பொட்டலம் உட்பட எல்லாம். மறுநாள் அதை ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, பிரதான் அம்மாள் கேட்டார். முருகம்மாள் சொன்னது வந்ததும், தண்ணீர் குடிக்காத அந்த ஆஸ்பத்திரி ஆள் யார் என்றார். நான்தான் என்றார் அனந்தகிருஷ்ணன். அந்த அம்மாள் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. இது அறிக்கையில் இருக்கவேண்டும், பெயர் வேண்டாம் என்றார். பிறகு மேஜை டிராயரிலிருந்து ஒரு கட்டுப் புதுக் குச்சிகளை எடுத்து அவர் பக்கம் தள்ளினார்.

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குச்சியோடு தாராவிக்குப் போனார். ஆரம்பத்தில் பேராச்சி முகம் கொடுத்துப் பேசவில்லை. வாயைத் திறந்து காட்டுவாள், அவர் எண்ணிக் குறித்துக்கொள்வார், அவள் தண்ணீர் கொடுப்பாள், அவர் குடிப்பார். மழை விட்டதும் தார்ப்பாய் அவிழ்ந்தது. அவர் குடித்த தண்ணீரால் அல்ல. நடக்கப் பழகிய பேத்தி ஓயாமல் அந்தப் பக்கமே ஓடினாள். பிடித்து நிறுத்தி முருகம்மாளுக்குச் சலித்துவிட்டது. சந்து மட்டும் பேராச்சியின் முறுக்கை மறுபடி வாங்கவில்லை. அடுத்த வருஷம் அவள் டின்னைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போய், தன்னைத் தெரியாதவர்களுக்கு விற்றாள். முந்தானையை மூக்குவரை போர்த்திக்கொள்வாள். பன்னிரண்டு குச்சி போன அன்று ஒரு முறுக்கைக் கடித்துக் காட்டிவிட்டு, "உப்புக் கூடிப்போச்சு. இத்தன நாளு ஒருத்தனும் சொல்லல்ல பாருங்க" என்றாள். அவரிடம் அவள் சிரித்துப் பேசியது அதற்கப்புறந்தான்.

1967 நவம்பரில் கழுத்தில் மறுபடி கட்டி வந்தது. இரண்டு மாதம்கூட இருக்கவில்லை.

காரியம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயிலுமுத்து விசாரித்துக்கொண்டு மாட்டுங்கா வீட்டுக்கு வந்தான். குச்சிகளைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். ஆஸ்பத்திரிப் பொருளாம், திருப்பிக் கொடுத்துவிடவேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாளாம். அனந்தகிருஷ்ணன் அவனைக் கூடத்தில் உட்காரவைத்தார். கொட்டடியில் ராத்திரி வேலை முடித்து நேராக வந்தவனிடம் தோல் வாடை அடித்தது. தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கோமதி கொண்டுவந்தாள். ஜன்னல் விளிம்பு டம்ளரில்.

பார்த்த உடனேயே அவருக்குத் தெரிந்தது. சமையலறை நாலு எட்டில் இருந்தது. எழுந்துபோய் வேறு டம்ளர் எடுத்து வந்திருக்கலாம். உள்ளே போய்க் கோமதியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு வருஷத்துக்கும் மேலாக மாதாமாதம் எங்கே போய்த் தண்ணீர் குடிக்கிறார் என்பதையே அவர் வீட்டில் சொன்னதில்லை. அவர் எழுந்திருக்கவில்லை.

வெயிலுமுத்து அண்ணாந்து, உதட்டில் படாமல், ஒரு துளி சிந்தாமல் குடித்தான். எழுந்து, டம்ளரை அது இருந்த ஜன்னல் விளிம்பிலேயே கொண்டுபோய் வைத்தான். எங்கே வைக்கவேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. வாரேன் அய்யா என்று கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினான். கோமதி டம்ளர்மேல் தண்ணீர் தெளித்துக் கவிழ்த்தாள்.

மறுநாள் ரிக்கார்டு ரூமில், பழைய ஆய்வுத் தாள் கட்டில் மிச்சமிருந்த ஒரு வெற்றுப் படிவத்தை அனந்தகிருஷ்ணன் தேடி எடுத்தார். ஆய்வு முடிந்து, அறிக்கையும் வெளியாகிவிட்டிருந்தது. வீட்டு முகவரி என்ற இடத்தில் தம் மாட்டுங்கா முகவரியை எழுதினார். மற்ற கேள்விகளை விட்டுவிட்டுப் பதினான்காவதற்கு வந்தார். பாத்திரங்கள் தனியாக வைக்கப்படுகின்றனவா?

"தனிதான்" என்று தமிழில் எழுதினார். "ஜன்னல் விளிம்பில். வந்தவர் உதட்டில் படாமல் குடித்தார். குடும்பத்தலைவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்."

மை காய்ந்ததும் அந்தத் தாளை மடித்து, பேராச்சியின் நம்பர் போட்ட கோப்பில் கடைசித் தாளாகச் சேர்த்துக் கட்டி, அலமாரியில் அதன் இடத்திலேயே வைத்தார். இறந்துபோனவர்களின் கோப்பைக் கேட்டு யாரும் வருவதில்லை.